பதுங்குகுழிக்குள் காய்ந்த பிள்ளைத்துணிகள்

மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது அபாயச் சங்கு ஊதினால், நெஞ்சில் சளி கட்டிய கைக்குழந்தையோடு ஒரு தாய் எங்கே போக வேண்டும்? போன மாரியிலிருந்து இந்தக் கேள்வியை எனக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறேன். விடை கிடைக்கவில்லை. சந்தியில் ஒட்டியிருந்த அறிவித்தலை மீண்டும் மீண்டும் வாசித்தேன். சங்கு ஊதியதும் பதுங்குகுழிக்குப் போகவும் என்றிருந்தது. குழிக்குள் தண்ணீர் நின்றால் என்ன செய்வது என்று அதில் இல்லை. எழுதியவர் கோடையில் எழுதியிருக்க வேண்டும்.

எங்கள் வீடு திருகோணமலையில், கடற்கரைக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருக்கிறது. என் கணவருக்குத் துறைமுகத்தில் எழுதுவினைஞர் வேலை. போன வருடச் சித்திரையில் யப்பான்காரரின் குண்டு விழுந்தபோது நான் வயிற்றுப் பிள்ளையோடு சாம்பல்தீவுக் கிராமத்தில் உறவினர் வீட்டுக்குப் போனேன். அங்கேதான் மகள் பிறந்தாள். ஊரை விட்டுப் போனவர்கள் பலர் திரும்பாத நேரத்திலேயே, ஐப்பசி பிறக்க நான் திரும்பி வந்துவிட்டேன். கணவர் தனியே சமைத்துச் சாப்பிட்டு மெலிந்து போயிருந்தார். வந்தது சரியா என்று யோசித்து முடிப்பதற்குள் மழை தொடங்கிவிட்டது.

எங்கள் ஊர் மாரி மழை வந்து போகிற விருந்தாளி அல்ல, குடிவந்துவிடும். துறைமுகத்தில் நிற்கும் பெரிய கப்பல்கள்கூட மங்கி, வானத்தோடு வானமாகிவிடும். உப்பு கரைந்து நீராகும். அலுமாரிக்குள் சேலைகளில் பூஞ்சணம் பிடிக்கும். தீப்பெட்டியை அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்போம். ஆனாலும் இந்த ஊர்ச் சனங்கள் மழையோடு நடந்துகொள்ளும் விதம் எனக்கு எப்போதும் வியப்புத்தான். என் கணவர் காற்சட்டையை முழங்காலுக்கு மேல் மடித்து, சப்பாத்துகளை வாழையிலையில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போவார். அவருக்கு முன்னும் பின்னும் அதே கோலத்தில் மற்ற உத்தியோகத்தர்கள் போவார்கள். பிரதான வீதிக் குழாயில் காலைக் கழுவிச் சப்பாத்தை மாட்டியதும் எல்லோருக்கும் கந்தோர் முகம், உத்தியோக முகம், வந்துவிடும்.

பக்கத்து வீட்டு அக்கா சல்லி என்ற கடலோரக் கிராமத்தில் பிறந்து எங்கள் ஒழுங்கைக்கு மணமுடித்து வந்தவர். அவருடைய கணவர் கடற்றொழில் செய்பவர். மாரியில் கடல் கொந்தளிக்கும். யுத்தம் வந்தபின் கண்ட இடத்தில் தோணி விடவும் கடற்படைக்காரர் விடுவதில்லை. அதனால் தோணியைக் கரையில் கவிழ்த்துவிட்டுத் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனார். குண்டுக்குப் பயந்து இரண்டு பிள்ளைகளையும் சல்லியில் தாய்வீட்டில் விட்டிருந்தார்கள். இத்தனைக்கும் நடுவில் அக்காவின் வாய் மட்டும் ஓயவில்லை.

"என்ன தங்கச்சி, வானத்தைப் பார்த்துக்கொண்டு நிக்கிறியள்? மழையை நிப்பாட்டச் சொல்லி மனு எழுதப் போறியளோ?"

"பிள்ளையின்ர துணி ஒண்டும் காயேல்லை அக்கா."

"எழுதுங்கோ, எழுதுங்கோ. இங்கிலீசில எழுதினால் கேக்கும்."

கார்த்திகையில் மகளுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. ஈரம் படாமல் சூடாக வைத்திருக்கச் சொன்னார் வைத்தியர். படுக்கையும் சுவரும் ஈரமாக இருக்கும் வீட்டில் ஒரு பிள்ளையை எப்படி ஈரம் படாமல் வைத்திருப்பது? பழைய வேட்டியைக் கிழித்து எடுத்த துண்டுகள்தான் அவளுக்குத் துணி. தோய்த்தவை காய்வதற்குள் கட்டியவை நனைந்துவிடும். முழுக வார்த்தபின் பிள்ளையின் தலைக்குச் சாம்பிராணிப் புகை பிடிப்பது எங்கள் வழக்கம். இழுக்கிற பிள்ளைக்குப் புகை ஆகாது என்று அதையும் நிறுத்தியிருந்தேன். தணல் சட்டி குசினியில் அடுப்பு மூலையில் சும்மா கிடந்தது.

நான் சாம்பல்தீவில் இருந்தபோது எங்கள் வளவின் பின்பக்கம் ஆண்கள் சேர்ந்து ஒரு பதுங்குகுழி வெட்டியிருந்தார்கள். எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பொது. மேலே தென்னங்குற்றிகளை அடுக்கி மண் போட்டிருந்தார்கள். மழை தொடங்கிய கையோடு அதற்குள் முழங்காலளவு தண்ணீர் நின்றது. தவளைகள் குடியேறிவிட்டன.

"சங்கு ஊதினால் நாங்கள் உள்ள போக, உதுகள் வெளியில போகுமோ?" என்று அக்கா எட்டிப் பார்த்துக் கேட்டார். கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. தோணிக்குள் தண்ணீர் இறைக்கும் ஓலைப் பட்டையோடு இறங்கினார். அவர் இறைத்துத் தர நான் வாங்கி ஊற்றினேன். பழைய தோணிப் பாயைக் குற்றிகளுக்கு மேல் விரித்து இழுத்துக் கட்டினோம். சுற்றிவர வரம்பு போட்டோம். அடியில் தென்னம் மட்டைகளைப் பரப்பி, அதன்மேல் பின்னிய ஓலைக் கிடுகு போட்டோம். இரண்டு பெண்கள், ஒரு யுத்தத்துக்காக வெட்டிய குழியைக் குடிசை மாதிரி ஆக்கிவிட்டோம்.

ஆனாலும் உள்ளே குளிர் போகவில்லை. தணல் சட்டியை இறக்கிப் பார்ப்போம் என்று சொன்னது நான்தான். தேங்காய்ச் சிரட்டைத் தணல் கனன்று பிற்பகலாகும்போது, அந்தக் குழி எங்கள் இரண்டு வீட்டையும்விட நன்றாகக் காய்ந்திருந்தது. அக்கா உள்ளே ஒரு கயிறு கட்டினார். மகளின் துணிகளை அதில் போட்டோம். மாலையில் எடுத்தபோது அவை மொறுமொறுவென்று இருந்தன. அந்தத் துணியில் சுற்றிய பிள்ளை அன்று இழுப்பில்லாமல் தூங்கினாள்.

இரண்டு நாள் கழித்து எங்கள் பகுதியின் ஏ.ஆர்.பி. காவலர், விமானத் தாக்குதல் முன்காப்புக்குப் பொறுப்பானவர், விசிலை ஊதிக்கொண்டு வளவுக்குள் ஓடி வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர், தகரத் தொப்பியின் மேல் குடையும் பிடித்திருந்தார்.

"ஆர் உள்ள? குழிக்குள்ளால புகை வருது."

அக்கா குழிக்குள்ளிருந்து தலையை நீட்டினார். "பயப்பிடாதேங்கோ வாத்தியார். கோவணம் காயுது."

எனக்கு வெட்கத்தில் எங்கே ஒளிவது என்று தெரியவில்லை.

"இது அரசாங்கம் வெட்டச் சொன்ன குழி," என்றார் அவர்.

"ஓம். வெட்டத்தானே சொன்னது, இறைக்கச் சொல்லேல்லையே. அதை நாங்கள் இறைச்சனாங்கள்."

அவர் குனிந்து உள்ளே பார்த்தார். கிடுகைத் தொட்டுப் பார்த்தார். இருட்டினால் நெருப்பு இருக்கக் கூடாது, சங்கு ஊதினால் சட்டி உடனே வெளியே வர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் வந்தபோது கையில் ஒரு பொட்டலம்.

"என்ர பேரனுக்கும் ஆறு மாதம். வீட்டில ஒண்டும் காயேல்லை."

"கயித்தில இடமில்லை வாத்தியார். ஒரு மனு எழுதித் தாங்கோ," என்று சொல்லிக்கொண்டே அக்கா பொட்டலத்தை வாங்கினார்.

மார்கழியில் ஒரு பகல். சிரட்டை தீர்ந்து, ஈர மட்டைகளை வைத்து எரித்துக்கொண்டிருந்தோம். மகளுக்குக் காலையிலிருந்து மீண்டும் இழுப்பு. அப்போதுதான் என் தோளில் கண் அயர்ந்திருந்தாள். சங்கு ஊதியது. நான் குசினி வாசலுக்கு ஓடினேன். குழியின் வாயிலிருந்து புகை மெதுவாக மழைக்குள் கலந்துகொண்டிருந்தது. அக்கா உள்ளே பாய்ந்து தணல் சட்டியை வெளியே தள்ளினார். ஈரச் சாக்கால் புகையை விசிறினார்.

"வா தங்கச்சி!"

"புகை அக்கா. பிள்ளைக்கு இழுக்கும்."

"கொஞ்சத்தில போயிடும். வா."

நான் வாசற்படியிலேயே நின்றேன். குழிக்குள் புகை. வீட்டுக்கு மேலே வெறும் ஓடு. நடுவே மழை. நான் நிற்பதைப் பார்த்த அக்கா தலையில் அரிசி புடைக்கும் சுளகைக் கவிழ்த்துக்கொண்டு ஓடி வந்தார். பிள்ளையைப் பறித்துக்கொண்டு போகப் போகிறார் என்று நினைத்தேன். அவர் பறிக்கவில்லை. பிள்ளையின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"சரி. மேசைக்குக் கீழ போவம்."

"நீங்கள் குழிக்குப் போங்கோ அக்கா."

"தனிய இருந்து என்ன செய்ய? உன்ர மகளின்ர துணியோட கதைக்கிறதோ?"

மேசைக்குக் கீழே இரண்டு பேரும் முழங்காலை மடக்கிக்கொண்டு இருந்தோம். ஓட்டில் மழை விழுந்த சத்தத்தில் விமானம் வந்தாலும் கேட்டிருக்காது. அக்கா ஒரு கையை என் மகளின் முதுகில் வைத்தபடி, சுறாக் கருவாட்டுக்குப் புளி எவ்வளவு விட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு தடவை நிறுத்தி, "சல்லியிலயும் இப்ப மழை பெய்யும்," என்றார். பிறகு மீண்டும் புளிக்கு வந்துவிட்டார். அந்தத் துணிச்சலை நான் வேறு எவரிடமும் கண்டதில்லை.

ஆபத்து நீங்கியதற்கான சங்கு ஊதியது. எங்கும் எதுவும் விழவில்லை. மாலையில் கணவரிடம் சொன்னேன்.

"அதுதான் ஒண்டும் நடக்கேல்லையே," என்றார்.

ஒன்றும் நடக்கவில்லை என்பதால் நான் செய்தது சரியாகிவிடுமா? ஒரு பிள்ளைக்காக மட்டும் முடிவெடுக்கிறேன் என்று நினைத்தேன். என்னோடு அதே ஓட்டின் கீழ், சல்லியில் காத்திருந்த இரண்டு பிள்ளைகளின் தாயும் அல்லவா இருந்தார்.

இப்போது மீண்டும் ஐப்பசி. யுத்தம் முடியவில்லை. மகள் நடக்கிறாள்; தாழ்வாரத்தில் விழும் மழைநீரைக் கையில் பிடிக்க ஓடுகிறாள். போன கிழமை மறுபடியும் இழுப்பு வந்தது. கணவர் சாம்பல்தீவுக்குப் போய் இருக்கச் சொல்கிறார். அங்கேயும் மழைதான், அங்கே இந்த அக்கா இல்லை. இந்த மாரிக்கும் குழியை மூட அக்கா தோணிப் பாயைத் தைத்து முடித்துவிட்டார். நேற்று வேலிக்கு மேலால் தணல் சட்டியைக் கேட்டார்.

இதை வாசிப்பவர்களில் மழை ஊர்களில் பிள்ளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். பதுங்குகுழியின் ஈரத்தைப் புகையில்லாமல் போக்க வழி தெரிந்தால் தயவுசெய்து எழுதுங்கள். வழி இல்லையென்றால், சங்கு ஊதும்போது இழுக்கிற பிள்ளையோடு புகைக்குள் இறங்குவதா, வீட்டில் நிற்பதா என்றாவது சொல்லுங்கள். நான் வீட்டில் நின்றால், அந்த அக்காவை எப்படிக் குழிக்கு அனுப்புவது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன். அவர் கேட்கிற ஆள் இல்லை.