எந்தக் காலி?

ஊரில் அவளுக்குச் 'சார்ஜ் அக்கா' என்றுதான் பேர். நூல் மில்லில் பதினேழு வருஷம் நின்றே வேலை பார்த்தவள். மில்லை மூடினார்கள், மின்சார ஆட்டோ வாங்கினாள். வாரம் மூணு நாள் சலூன்காரரை டயாலிசிஸுக்கு ஏற்றிப் போவாள். ஆஸ்பத்திரி நாற்பது கிலோமீட்டர். பஸ்ஸில் போய்வர அவர் உடம்பு தாங்காது. பன்னிரண்டுக்குள் போகாவிட்டால் படுக்கை அடுத்த ஆளுக்கு.

ஊருக்கே ஒரு சார்ஜிங் மெஷின். ஏரிக்கு அந்தப் பக்கம், நகர அலுவலக வாசலில். திறந்து வைக்க எட்டுப் பேர் வந்தார்கள். ரிப்பேர் பார்க்க ஒருத்தரும் வந்ததில்லை. அங்கே வேறு வண்டி நிற்கிறதா என்று போனில் பார்க்கலாமாம், சிக்னல் இருந்தால்தானே! இந்தப் பக்கத்து வாய்க்கால் பாலத்திலிருந்து அலுவலக மொட்டைமாடி நன்றாகத் தெரியும். போய்ச் சேரத்தான் ஏரியைச் சுற்றி மூணு கிலோமீட்டர். அதனால் அவளே வாட்ச்மேனிடம் ஒரு தகரம் கொடுத்து, "வண்டி எதுவும் நிக்கலன்னா இத மாடிச் செவுத்துல மாட்டுங்கண்ணே" என்றாள். தகரத்தில் ஆள் உயர எழுத்து: காலி.

அந்த வியாழக்கிழமை, முந்தின நாள் சாயங்காலம் அவள் தெருப் பக்கம் போன கரன்ட் விடிந்தும் வரவில்லை. வீட்டில் சார்ஜ் ஏறவில்லை. சலூன்காரரை ஏற்றிக்கொண்டு எட்டு மணிக்குப் பாலத்தில் நின்று பார்த்தாள். காலி. ஏரியைச் சுற்றி விட்டாள்.

மெஷின் கருகிக் கிடந்தது.

"ஏண்ணே, போர்டு மாட்டியிருந்தீங்களே?"

"ஆமாம்மா. காலையில டப்புன்னு ஒரு சத்தம். மெஷின் காலி. அதான் மாட்டினேன்."

அவள் தகரத்தை நிமிர்ந்து பார்த்தாள். எழுதிக் கொடுத்தது அவள்தானே!

பின் சீட்டிலிருந்து சலூன்காரர் சிரித்தார். "அவரத் திட்டாதம்மா. இன்னிக்குப் போகலன்னா நானும் அந்தக் காலிதான்."

சிரிப்புத்தான். ஆனால் அவர் கால் இரண்டும் வீங்கி, செருப்பு வார் பதிந்திருந்ததை அவள் பார்த்தாள். பேட்டரியில் இருப்பது பதினைந்து கிலோமீட்டருக்கு வரும்.

எதிரே வெல்டிங் பட்டறை. அங்கே சார்ஜ் போடக் கேட்டாள். பட்டறைக்காரன் தலையைச் சொறிந்தான். "ஒரே லைன்க்கா. உங்க வண்டியும் என் மெஷினும் சேந்து ஓடினா ஃபியூஸ் போயிடும். மத்தியானம் கேட் டெலிவரி."

"கேட் நாளைக்கும் நிக்கும் தம்பி. இவரால முடியாது."

அவன் சலூன்காரரைப் பார்த்தான். அவன் தலையில் முதல் கத்தி வைத்தவர். வெல்டிங் மெஷின் ஒயரைப் பிடுங்கினான்.

ரெண்டரை மணி நேரம். சும்மா உட்கார்கிறவள் இல்லை அவள். பட்டறை பெயின்டை வாங்கித் தகரத்தில் இருந்த எழுத்தை அழித்தாள். "வண்டி நிக்கலன்னா இந்தப் பக்கம், 'வரலாம்'. மெஷின் செத்தா அந்தப் பக்கம், 'வராதே'."

வாட்ச்மேன் முகம் சுளித்தார். "ஆபீஸ் செவுத்துல 'வராதே'யா? மரியாதையா இல்லையேம்மா."

"சரி, 'வராதீங்க'ன்னு போடுறேன். மரியாதையாவே திரும்பிப் போறோம்."

பத்தே முக்காலுக்குக் கிளம்பினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் மணி பன்னிரண்டுக்கு நாலு நிமிஷம். நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"என்ன இவ்ளோ லேட்டு? பெட் காலியாத்தான் இருக்கு, ஓடி வாங்க!"

சலூன்காரர் படியில் நின்று திரும்பினார். "எந்தக் காலின்னு கேட்டுக்கோம்மா."

"போங்கண்ணே உள்ள!"

அவர் உள்ளே போனார். வண்டி பேட்டரியில் ஒரே ஒரு கோடு மிச்சம். திரும்பிப் போகணுமே. அவருக்கு நாலு மணி நேரம் ஆகும். சீட்டுக்கு அடியிலிருந்து ஒயரை உருவித் தோளில் போட்டுக்கொண்டு, யாரிடம் பிளக் கேட்கலாம் என்று ஆஸ்பத்திரியை ஒரு சுற்றுப் பார்த்தாள். கேன்டீனில் விளக்கு எரிந்தது. நேரே அங்கே நடந்தாள்.