மாப்பிள்ளைக்கு எடுத்து வைத்த வெந்நீர்

ரீபாய்லர் குழாய்களுக்கு அளவு சொல்வதுதான் என் பிழைப்பு. காய்ச்சி வடிக்கும் டவரின் அடியில் நிற்கும் கொதிகலன் அது. நான் பார்க்கும் ரகத்தில் பம்பு கிடையாது. டவரிலிருந்து இறங்கும் திரவம் அதற்குள் சூடாகி, ஆவி கலந்து லேசாகி, தானே மேலேறித் திரும்பும். உள்ளே போகும் குழாய் ஒல்லியாக இருந்தாலும் பரவாயில்லை, வெளியே வருவது தடியாக, வளைவு குறைவாக இருந்தே ஆக வேண்டும்; இல்லாவிட்டால் மேலேறாது. ஓர் எல்போ, அதாவது ஒரு வளைவு, கூடினாலும் ஆபீசில் எல்லோரையும் படுத்தி எடுப்பேன்.

போன வருடம் கரமனையில் மாமியார் வீட்டு மாடியில் சோலார் ஹீட்டர் வைக்க நானே முன்னால் நின்றேன். அதுவும் இதே சங்கதிதான். வெயிலில் சூடாகும் தண்ணீர் பம்பு இல்லாமல் தொட்டிக்கு ஏற வேண்டும். தொட்டி பூஜை அறைக்கு நேர் மேலே வரக் கூடாது என்றார் மாமியார். தள்ளி வைத்தேன். குழாய் கைப்பிடிச் சுவரில் ஏறி இறங்கி, நாலு வளைவு வளைந்து போனது. மிச்சம் கிடந்த அரை இஞ்ச் குழாயையே மாட்டச் சொன்னேன். கணக்கு ஒரு வரிகூடப் போடவில்லை. வீட்டு வேலைதானே என்ற திமிர்.

அதன்பின் அங்கே தங்கும் ஞாயிறுகளில் என் வாளியில் வெந்நீர் ஆவி பறக்கத் தயாராக இருக்கும். மாப்பிள்ளை குழாயைத் திறந்து தண்ணீர் பிடிக்கும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. நானும் ஆபீஸ் கேன்டீனில் பீற்றிக்கொண்டேன்.

ஒரு ஞாயிறு சீக்கிரம் விழித்துவிட்டேன். சமையலறையில் கேஸ் அடுப்பின்மேல் பெரிய தவலை. முழங்கால் வலிக்காரரான மாமியார் அதிலிருந்து வாளிக்கு வெந்நீர் மொண்டுகொண்டிருந்தார். பக்கத்து வீட்டு மாமி ஜன்னல் வழியே சோலாரைப் பற்றி விசாரித்தார்.

"மாப்பிள்ளை வெச்சதாக்கும். பம்பே வேண்டாம். தொறந்தா கொதிக்கறது, கேட்டேளா!"

குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தேன். பச்சைத் தண்ணீர்.

மனைவியை எழுப்பிக் கேட்டேன். "ஆரம்பத்துலேர்ந்தே இப்படித்தான். மாப்பிள்ளைகிட்ட யாராவது குத்தம் சொல்வாளோன்னுட்டா அம்மா," என்றாள்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. வெளியே வந்தால் மாமியார் வாளியோடு விந்தி விந்தி வருகிறார்.

"சூடு போறதுக்குள்ள குளிச்சுடுங்கோ."

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. கேட்டால் அவர் இத்தனை நாள் மறைத்தது வீணாகிவிடுமே என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு, வாளியை வாங்கிக்கொண்டு போய் அன்றும் அந்த வெந்நீரிலேயே குளித்தேன்.