தாரெஸ் சலாமில் அக்காவின் ஆங்கில வகுப்பு

அக்கா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி மெதுவாக எழுத எனக்கு வராது. அக்கா எதையும் மெதுவாகச் செய்தவரல்லர்.

யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில் பிறந்து, அங்கேயே ஆங்கிலம் படிப்பித்தவர். அப்பா காலமானபின் தங்கையாகிய என்னை ஆளாக்கியவர் அவரே. திருமணத்தைப் பற்றி நினைக்க அவருக்கு நேரமிருக்கவில்லை. போரில் வீடு போனது. எண்பதுகளின் இறுதியில் ரொறன்ரோ வந்து, மிசிசாகாவில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி மடித்தார். அவர் அலுத்துக்கொண்டதை நான் கேட்டதில்லை.

கனடியக் குடியுரிமை கிடைத்த பின்னர் ஒருநாள், நூலகத்தில் கண்ட விளம்பரத்தோடு ஓடிவந்தார். தன்சானியாவின் தாரெஸ் சலாம் நகரில், வேலை தேடும் பெண்களுக்கான மாலைப் பள்ளியொன்றுக்கு ஆங்கில ஆசிரியர் தேவையாம்.

"சனம் அங்கையிருந்து இங்கை வரத் துடிக்குது. நீங்கள் ஏனக்கா அங்கை போறியள்?"

"திரும்ப வகுப்புக்குள்ளை போகப் போறன். நீ சூட்கேசை எடுத்துத் தா."

போய் இறங்கியதும் தொலைபேசியில் சிரித்தார். "வெள்ளைக்காரி வருவா எண்டு பாத்துக்கொண்டிருந்தவை. என்னைக் கண்டதும் அதிபற்றை முகம் சோந்திட்டுது. ஒரு மாதம் பாப்பம் எண்டவர். நான் நேரை வகுப்புக்குப் போயிட்டன்."

மாணவிகளுக்கு எழுத வந்தது. பேச வாய் திறக்கவில்லை. தடுமாறினால் உடனே தங்கள் சுவாகிலி மொழிக்குப் போய்விடுவார்களாம். ஒரு சனிக்கிழமை காலை, ரொறன்ரோவின் அஜின்கோர்ட்டில் என் வீட்டிலிருந்து நான் வழமைபோல் பள்ளிக்கு அழைத்தேன்.

"இவள் ரெஹேமா. ஹோட்டலிலை டெலிபோன் ஒப்பரேட்டர் வேலைக்குக் கேட்டிருக்கிறாள். குடுக்கிறன், கதை," என்றார் அக்கா.

"ஐயோ அக்கா, எனக்கு இங்கிலிஷ் வராது."

"உனக்குச் சுவாகிலி தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது. வேறை வழியில்லை."

அதுவரை வைத்தியரிடம் நேரம் கேட்பதற்குக்கூட என் கணவர்தான் தொலைபேசி எடுப்பார். ஒருவாறு "ஹலோ" என்றேன். இன்று என்ன சமைத்தீர்கள் என்று ரெஹேமா ஆங்கிலத்தில் கேட்டாள். இடியப்பத்தை எந்த ஆங்கிலத்தில் சொல்வது? அரிசி மா, நூல், ஆவி என்று சொல்லிப் பார்த்தேன். தங்கள் வீட்டிலும் தேங்காய்ப்பாலில் கறி வைப்பார்கள் என்றாள். இருவரும் பிழைபிழையாகப் பேசிச் சிரித்தோம். பின்னாலிருந்து வகுப்பே சிரிப்பது கேட்டது.

அடுத்த சனிக்கிழமை வேறு இருவர் காத்திருந்தார்கள். எனக்கு வெள்ளி இரவே நித்திரை வராது. என்ன கேட்பார்கள், என்ன சொல்லலாம் என்று அடுப்படியில் எனக்கு நானே பேசிப் பார்ப்பேன். ரெஹேமாவுக்கு அந்த வேலை கிடைத்தது என்று அக்கா சொன்ன காலையில், நானும் கணவரும் வீட்டுக்குள் துள்ளினோம். ஒரு மாதம் பார்ப்போம் என்ற கதையை அதிபர் பிறகு எடுக்கவேயில்லை. அக்கா இரண்டு வருடம் படிப்பித்தார். வைத்தியரிடம் நானே பேசத் தொடங்கினேன்.

நோயோடுதான் திரும்பினார். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும், "சுகம் வந்தவுடனை தாரெஸ் சலாமுக்கு ரிக்கெற் போடு," என்றார். சுகம் வரவில்லை.

வைத்தியர்கள், தாதியர், முறைவைத்துச் சாப்பாடு கொண்டுவந்த வெக்ஸ்போர்ட் பகுதி உறவுகள், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த நண்பர்கள் எல்லோருக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி. தாரெஸ் சலாமில் அக்காவுக்கு அறை தந்து, காய்ச்சல் கண்டபோது கஞ்சி வைத்துக் கொடுத்த அம்மையாருக்கும் நன்றி. அவருக்கும் மாணவிகளுக்குமாக இதை நானே ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறேன். திருத்தித் தர அக்கா இல்லை. பிழைகளோடு அனுப்புகிறேன்.