பேகம்பூர் சவரக்கத்தி

சித்தப்பாவின் கழுத்தில் தழும்பு ஏதும் இருக்கிறதா என்று நான் பல நாள் உற்றுப் பார்த்திருக்கிறேன். தாத்தாவின் வீட்டைப் பிரித்தபோது தெருப்பக்கத்துப் பாதி அப்பாவுக்கு, பின்பாதி சித்தப்பாவுக்கு என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். சித்தப்பா அப்பாவைப் பார்த்து, "எங்கழுத்த அறுத்துட்டியேண்ணே" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். எனக்கு அப்போது ஆறு வயது. சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்கிற வயது.

அதற்குப் பிறகு முற்றத்தின் நடுவில் ஒரு சுவர் எழும்பியது. அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. அம்மாவும் சித்தியும் மட்டும் சுவருக்கு மேலே குழம்பும் வெஞ்சனமுமாகக் கிண்ணங்களைக் கைமாற்றிக்கொண்டார்கள். எனக்கு எந்தத் தடையும் இல்லை. பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு எந்நேரமும் பின்வீட்டுக்குப் போய்வருவேன். தழும்பு தென்படவே இல்லை. நன்றாக ஆறிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

சித்தப்பா வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர். பிளேடு போட்டு மழித்தால் அவருக்குத் தாடைக்குக் கீழே சிவப்புச் சிவப்பாகக் கொப்புளம் கிளம்பும். அதற்கு வழி தேடிச் செல்போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தவர், யாரோ ஒருவர் மடக்குக்கத்தியால் தனக்குத்தானே மழித்துக்கொள்வதைப் பார்த்துவிட்டார். அடுத்த வார லீவில் பேகம்பூரில் பழைய சாமான் கடையொன்றுக்குப் போனார். திரும்பும்போது துருவேறிய சவரக்கத்தி ஒன்று, நடுவில் குழிந்துபோன சாணைக்கல் ஒன்று, பாதி மயிர் உதிர்ந்த பிரஷ் ஒன்று கொண்டுவந்தார். சித்தி அந்தப் பிரஷை மூன்று தடவை வெந்நீரில் போட்டு எடுத்தாள்.

"எவன் எவன் மூஞ்சியில பட்டுச்சோ. புதுசு வாங்க உங்களுக்குக் கையா வரல?"

"பழசுலதான் இரும்பு நல்ல இரும்பு" என்றார் சித்தப்பா.

கத்தியை வழிக்குக் கொண்டுவர ஒரு மாதம் ஆனது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, உப்புத்தாளால் தேய்த்துத் துருவை எடுத்தார். கல்லைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துத் தேய்த்துக் குழியைச் சமமாக்கினார். கத்தியின் முதுகும் கூர்வாயும் ஒன்றுசேரக் கல்லில் படுக்கவேண்டும், முதுகைத் தூக்கினால் வாய் போய்விடும் என்று எனக்குச் சொல்வது போலத் தனக்கே சொல்லிக்கொள்வார். தீட்டிய பிறகு தோல்வாரில் இழுக்கவேண்டும். அதற்காகத் தன் இடுப்பு பெல்ட்டை ஜன்னல் கம்பியில் மாட்டினார். முதுகு முன்னால் போகவேண்டிய இடத்தில் வாயை முன்னால் விட்டார். பெல்ட் இரண்டு துண்டானது.

"கூரு ஏறிருச்சுன்னு தெரிஞ்சுபோச்சுல்ல" என்றார்.

அடுத்தது பலூன். ஊதிக் கட்டுவது என் பொறுப்பு. சோப்பு நுரையைப் பூசி, வெடிக்காமல் நுரையை மட்டும் வழிக்கவேண்டும். ஐந்து பலூன்கள் வெடித்தன. ஆறாவது வெடிக்கவில்லை. அன்று சாயங்காலமே தன் வலது கன்னத்தில் கத்தியை வைத்தார். இடது கன்னத்துக்கு வருவதற்குள் படிகாரக் கட்டியைத் தேடவேண்டியதாயிற்று. சில நாள் ஒரு கன்னத்துக்குக் கத்தி, மறு கன்னத்துக்குப் பிளேடு என்று ஓட்டினார். பிறகு இரண்டுக்கும் கத்தியே. கொப்புளங்கள் அடங்கின. மில் பஸ்ஸில் உடன் வருகிறவர்களிடம், "உங்களுக்கும் பண்ணிவிடட்டுமா?" என்று கேட்டுப் பார்த்தார். ஒருவரும் முகத்தைக் கொடுக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வழியில் அப்பாவின் பைக் மணலில் சறுக்கியது. வலது மணிக்கட்டில் எலும்பு முறிந்து, முழங்கைவரை மாவுக்கட்டு. அப்பா வாத்தியார், ஒருநாள்கூடத் தாடியோடு வகுப்புக்குப் போனதில்லை. இடது கையால் முயன்று உதட்டைக் கிழித்துக்கொண்டபின் விட்டுவிட்டார். அம்மா தினமும் சொல்லிப் பார்த்தாள்.

"முக்குலதான சலூன் இருக்கு. செத்த நேரம் போயிட்டு வந்தா என்னங்க?"

"பாப்போம்" என்பார் அப்பா. போகமாட்டார்.

தாடி வளர்ந்தது. எனக்கோ வருகிற ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். வெள்ளைக் கவுன் தைத்தாகிவிட்டது. கோயில் வாசலில் அப்பா அம்மாவோடு நின்று போட்டோ எடுப்பார்கள். அந்தப் போட்டோவில் நரையும் கறுப்புமாக அந்தத் தாடி நிற்பதை நினைத்தாலே எனக்கு அழுகை வந்தது.

வெள்ளிக்கிழமை பின்வீட்டுக்குப் போய்ச் சித்தப்பாவிடம், "அப்பா உங்ககிட்ட ஷேவிங் பண்ணிக்கிறேன்னு சொன்னாங்க" என்றேன்.

தோல்வாரில் போய்வந்துகொண்டிருந்த கத்தி நின்றது. "அண்ணனா சொன்னாரு?"

"ஆமா."

அவர் வேறெதுவும் கேட்கவில்லை. நான் சந்து வழியாகச் சுற்றி ஓடிவந்து அப்பாவிடம், "சித்தப்பா உங்களுக்குப் பண்ணிவிடவான்னு கேட்டாங்க" என்றேன். அப்பா கையிலிருந்த பேப்பரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பக்கம் திருப்பவில்லை.

"எப்ப வரணுமாம்?" என்றார்.

மறுநாள் காலையில் அப்பா சந்து வழியாகப் பின்வீட்டுக்குப் போனார். மூன்று வருஷத்தில் அதுதான் முதல் தடவை. குழாயடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி தயாராக இருந்தது. சித்தி துண்டைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சுவருக்கு மேலே அம்மாவின் தலை தெரிந்தது. சித்தப்பா வெந்நீர்த் துணியால் அப்பாவின் முகத்தை ஒற்றி, நுரை போட்டு, கன்னத்துத் தோலை விரலால் இழுத்துப் பிடித்துக் கத்தியை இறக்கினார். சரக் சரக்கென்று சத்தம் கேட்டது. ஒரு கன்னம் முடிந்தது. மறு கன்னமும் முடிந்தது. பிறகு அப்பாவின் தாடையில் ஒரு விரலை வைத்து நிமிர்த்தினார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கழுத்தைக் காட்டினார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அப்பா சித்தப்பாவின் கழுத்தை அறுத்தவர். இப்போது கத்தி சித்தப்பா கையில் இருக்கிறது. பொய் சொல்லி இரண்டு பேரையும் சேர்த்துவைத்தவள் நான்.

"வேணாம் சித்தப்பா!" என்று கத்தினேன்.

கத்தி அந்தரத்தில் நின்றது. "என்ன பாப்பா?" என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமல்.

"நீங்க அவங்க கழுத்த அறுத்தீங்கல்ல. இப்ப அவங்க திருப்பி அறுத்துருவாங்க."

குழாயிலிருந்து வாளிக்குள் நீர் சொட்டியது. சித்தப்பா கத்தியை அப்பாவின் தோளில் கிடந்த துண்டில் துடைத்தார். சுத்தமாக இருந்த கத்தியை மறுபடியும் துடைத்தார்.

"அறுத்தா அறுத்துட்டுப் போறான்" என்றார் அப்பா. "நீ பண்ணுடா."

"செத்த பேசாம இருண்ணே. கை நடுங்குது."

நடுக்கம் நிற்கும்வரை சித்தப்பா காத்திருந்தார். அப்பாவும் கழுத்தை நிமிர்த்தியபடியே காத்திருந்தார். பிறகு மேலிருந்து கீழாக, மிக மெதுவாக வேலை நடந்தது. குரல்வளைக்குப் பக்கத்தில் ஓர் இடத்தில் மட்டும் கடுகளவு ரத்தம் எட்டிப் பார்த்தது. சித்தப்பா படிகாரத்தை வைத்து அழுத்தினார். பழிக்குப் பழி இவ்வளவோடு முடிந்ததே என்று எனக்குப் பெரிய நிம்மதி. அப்பாவின் கண்ணோரம் ஈரமாக இருந்தது. படிகாரம் அவ்வளவு எரியும் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் எனக்கு முதல் பாவசங்கீர்த்தனம். அதுவரை சொல்வதற்குப் பாவம் போதாமல் இருந்தது; இப்போது இரண்டு பொய்கள் கைவசம் இருந்தன. சாமியார் முழுக் கதையையும் கேட்டுவிட்டு, சிறிது நேரம் இருமினார். பரிகாரமாக ஒரேயொரு பரலோக மந்திரம் சொல்லச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை போட்டோவில் அப்பாவின் முகம் வழுவழுவென்று இருந்தது. சித்தப்பாவும் சித்தியும்கூட அதில் நின்றார்கள். யார் கூப்பிட்டார்கள் என்று தெரியவில்லை.

எனக்கு மிச்சமிருந்த பயம் ஒன்றுதான். இருவரும் பேசத் தொடங்கிவிட்டார்கள். என்றைக்காவது ஒருவர், "நீதான சொல்லிவிட்ட?" என்று மற்றவரைக் கேட்டால் என் பொய்யின் சாயம் வெளுத்துவிடும். வாரக்கணக்கில் காத்திருந்தேன். இருவரும் கேட்கவே இல்லை. பெரியவர்களை ஏமாற்றுவது இவ்வளவு சுலபமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

மாவுக்கட்டைப் பிரித்து, அப்பாவின் கை பழையபடி ஆனது. கரும்பலகையில் எழுதினார், பைக் ஓட்டினார். ஆனாலும் சனிக்கிழமைகளில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சந்துப் பக்கம் கிளம்பிவிடுவார்.

"கைதான் சரியாப் போச்சேப்பா, நீங்களே பண்ணிக்கலாம்ல?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அவனுக்குக் கை பழகணும்ல" என்றார் அப்பா.

அடுத்த வருஷமும், அதற்கடுத்த வருஷமும் அதே பதில்தான். ஃபிட்டராக இருந்தும் ஒரு வேலையைக் கற்றுக்கொள்ளச் சித்தப்பா இத்தனை மந்தமாக இருக்கிறாரே என்று எனக்கு அவர்மேல் பரிதாபமாக இருந்தது.