பிரேக் அக்காவின் எல் போர்டு

சிவப்பு விளக்கு விழுந்ததும் அவர் டாஷ்போர்டைத் திறந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை வெளியே எடுக்கிறார். தின்பதற்கு அல்ல. பின்பக்கம் திருப்பி, மூக்குக்கு நேராகப் பிடித்து, பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும் பொருள்களின் பட்டியலை உதட்டை அசைத்துப் படிக்கிறார். பச்சை விழுகிறது. நானும் அந்தப் பட்டியலைத்தான் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"பாக்கெட்டை நான் பாத்துக்கறேன் சார். நீங்க ரோட்டைப் பாருங்க" என்கிறார், கண்ணை எடுக்காமல்.

பதினோரு வருஷமாக இவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். நான்கு மூலையிலும் சொட்டை விழுந்த வெள்ளைக் கார். சொட்டை ஒவ்வொன்றுக்கும் ஒரு மாணவர் உண்டு. வலதுபக்கப் பின்மூலை என்னுடையது. ஆசிரியர் உட்காரும் பக்கத்தில் தனியாக ஒரு பிரேக் இருக்கும், பார்த்திருப்பீர்கள். பழக்கதோஷம், எங்கே உட்கார்ந்தாலும் இவருடைய வலது கால் தரையை மிதிக்கும். பெற்றோர் கூட்டத்தில் யாராவது மூச்சுவிடாமல் பேசினால் மிதிப்பார். பல் டாக்டர் நாற்காலியிலும் மிதித்ததாகக் கேள்வி. அதனால் எங்கள் பிள்ளைகள் படிக்கும் இரண்டாம் வகுப்பில் இவருக்குப் பிரேக் அக்கா என்று பெயர். அம்மாக்கள், அப்பாக்கள், வகுப்பு ஆசிரியை, வாட்ச்மேன், எல்லாருக்கும் அக்காதான்.

கற்றுக்கொள்ள வருகிறவரிடம் "பயப்படாதீங்க" என்று சொல்லவே மாட்டார். "பயம் வரத்தான் செய்யும். பயந்துக்கிட்டே பிரேக்கை மிதிங்க. கால் வேலை செஞ்சா போதும், மனசை அப்புறமா பாத்துக்கலாம்" என்பார். இது காருக்கு மட்டும் சொன்னது அல்ல என்று எனக்கு மெல்லத்தான் புரிந்தது.

அவருடைய ஒரே மகளை ஊரே வாயாடி என்று கூப்பிடுகிறது. ஏழு வயது, முன்பல் இரண்டும் இல்லை, பேச்சுக்கு மட்டும் குறைவில்லை. அவளுக்கு வேர்க்கடலை ஆகாது. ஆகாது என்றால் தடிப்பு, அரிப்பு என்ற கணக்கு இல்லை. மூன்று வயதில் பூங்காவில் யாரோ ஆசையாய் ஒரு உருண்டை இனிப்பைக் கொடுக்க, உதடு வீங்கி, இருமி, மூச்சு அடைத்து, கண் செருகிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு அக்காவே ஓட்டினார். "அன்னிக்கு நான் ஒரு ரூலையும் மதிக்கல சார். சொல்லிக்குடுக்கிற வாயால அதைச் சொல்லக்கூடாது" என்று சொல்லிவிட்டு எனக்கு யூ டர்ன் போடச் சொன்னார்.

அதிலிருந்துதான் இந்தப் பாக்கெட் படிப்பு. என்னுடைய நான்காவது வகுப்பில், கடைவீதி நடுவில், "ஓரம் கட்டுங்க" என்றார். கட்டினேன், அதாவது பாதி ஓரம். இறங்கிக் கடைக்குள் ஓடினார். பின்னால் ஹாரன்கள் என் குலத்தையே விசாரித்துக்கொண்டிருந்தன. திரும்பி வந்தவர் முகத்தில் திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷம். எங்கள் பிள்ளைகள் பாதிப் பேர் டப்பாவில் வருவது நாய்க்குட்டிப் படம் போட்ட ஒரு பிஸ்கட்தான். வகுப்புப் பெற்றோர் குழுவுக்கு உடனே குரல் செய்தி போனது: "எல்லாரும் கேளுங்க. அதே கவர், அதே நாய்க்குட்டி. பின்னாடி ஒரு வரி மட்டும் புதுசு. வேர்க்கடலை கலந்திருக்கலாமாம். இருக்கலாம்னா நம்ம வரைக்கும் இருக்கு. போன மாசம் படிச்சுட்டோம்னு இந்த மாசம் சும்மா இருக்காதீங்க. ஒவ்வொரு பாக்கெட்டையும் திருப்புங்க." கடைக்காரர் வாசலில் நின்று, "இனிமே நானும் திருப்பிப் பாத்தே விக்கறேன்மா, வண்டியை எடுங்க" என்று கும்பிட்டார்.

இவ்வளவுக்கும் வருஷ ஆரம்பத்தில் குழுவில் பாதிப் பேருக்கு இவர் பெயரைக் கேட்டாலே எரிச்சல். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது, அந்தப் பாதியில் நானும் இருந்தேன். முதல் பெற்றோர் கூட்டத்தில், சின்ன நாற்காலிகளில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்தோம். அக்கா ஒரு துணிப்பையோடு எழுந்தார். மகளைப் பற்றிச் சொன்னார். வேர்க்கடலை கலந்த எதையும் வகுப்புக்குக் கொடுத்தனுப்ப வேண்டாம் என்றார். அப்போது அச்சகக்காரர் கை தூக்கினார். அச்சகம் வைத்திருக்கிறவர், கட்டைக் குரல், மை படிந்த நகங்கள், இரட்டைச் சுழிப் பையனுக்கு அப்பா.

"ஒரு பிள்ளைக்காக மீதி முப்பத்தோரு பிள்ளைங்க வாயைக் கட்டணுமா? நாமெல்லாம் இதைத் தின்னுதானே வளர்ந்தோம்?"

நான்கைந்து தலைகள் ஆடின. என்னுடையதும் ஆடியது.

அக்காவின் கால் தரையை ஒரு தடவை மிதித்தது. பிறகு பையிலிருந்து தடிமனான பேனா போன்ற ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டினார். "சரி சார், சாப்பாட்டை விடுங்க. இது ஊசிப் பேனா, ஒவ்வாமையில மூச்சு அடைச்சா உடனே போடறது. இதுல மருந்தும் இல்ல, ஊசியும் இல்ல, பழகறதுக்குக் குடுத்தது. என் பொண்ணு உங்க முன்னாடி மூச்சு முட்டிக் கிடக்கறா. மூடியைக் கழட்டி, தொடையோட வெளிப்பக்கத்துல, துணி மேலயே அழுத்தணும். பத்து எண்ணணும். ஆம்புலன்ஸைக் கூப்பிடணும். முதல் பேனாவுக்கு அஞ்சு நிமிஷத்துல மூச்சு சரியாகலைன்னா ரெண்டாவது பேனா. எங்க, செஞ்சு காட்டுங்க."

அவர் சிரித்துக்கொண்டே வாங்கினார். மூடியைக் கழற்றினார். பொத்தான் பேனாவை அழுத்துகிற மாதிரி மேல்நுனியில் கட்டை விரலை வைத்துத் தொடையில் குத்தினார். டக் என்று சத்தம் கேட்டது.

"தலைகீழாப் பிடிச்சுட்டீங்க. மருந்து உங்க கட்டை விரலுக்குப் போயிருச்சு" என்றார் அக்கா. குரலில் கோபம் இல்லை. "என் பொண்ணு இன்னும் கீழேதான் கிடக்கறா."

அச்சகக்காரர் தன் கட்டை விரலையே பார்த்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. அன்றைக்கு வந்த வெட்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

"முஷ்டி புடிங்க, விரல் பேனா நுனிக்குப் போகக் கூடாது" என்று அக்கா அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தார். அன்று ஆறு பேர் கட்டை விரலுக்கு ஊசி போட்டுக்கொண்டார்கள். அதன்பின் அவர் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டார். பெற்றோர் பெயர் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சிவப்பில் ஒரு 'எல்'. பேனாவைச் சரியாகப் போட்டுக் காட்டுகிறவருக்கு எல் போர்டு கழற்றப்படும். பள்ளி வாசலில், காய்கறிக் கடையில், ஏ.டி.எம். வரிசையில், எங்கே கண்டாலும் பழகு பேனா பறந்து வரும். "பிடிங்க. உதடு வீங்குது, இருமறா. ம்ம்." சத்தியமாகச் சொல்கிறேன், எங்களுக்கு இது ஒரு விளையாட்டாகவே பிடித்துப்போயிற்று. யார் எல் போர்டு போயிற்று, யாருக்கு இருக்கிறது என்று குழுவில் ஒரே கேலி. நான் மூன்றாம் முயற்சியில் தேறினேன். காரில் இன்னும் தேறவில்லை.

வருஷம் முழுக்கக் குழு எதிர்பார்ப்பது உல்லாசப் பயணத்தைத்தான். இந்த முறை மிருகக்காட்சிசாலை. முந்தைய இரண்டு வருஷமும் பள்ளிப் பேருந்துக்குப் பின்னாலேயே ஒரு வெள்ளைக் கார், எல் போர்டு மாட்டிக்கொண்டு, அறுபது கிலோமீட்டர் போயிருக்கிறது. ஓட்டியது யாரோ ஒரு அப்பாவி மாணவர். பக்கத்தில் அக்கா. மதியம் மற்ற பிள்ளைகள் மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட, வாயாடி காருக்குள் அம்மாவோடு சாப்பிட்டிருக்கிறாள்.

இந்த வருஷம் அவள் சொல்லிவிட்டாள். நான் பின் சீட்டில் இருந்தவளைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். "அம்மா, நம்ம கார் வரக்கூடாது. எல்லாரும் பஸ் ஜன்னல்ல பாத்துச் சிரிக்கறாங்க. நான் அவங்களோட உக்காந்து சாப்பிடணும்."

"சரிடி."

"சத்தியமா?"

"கியரை மாத்துங்க சார்" என்றார் அக்கா என்னிடம். அப்புறம் ரொம்ப நேரம் கழித்து, "சத்தியமா" என்றார்.

வகுப்புக்கு ஒரு பெற்றோர் உடன்போகலாம். யார் என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். அவர்தான் நாள் முழுக்க வாயாடியின் பக்கத்திலேயே இருந்து ஊசிப் பேனாவையும் வைத்திருக்க வேண்டும். வகுப்பு ஆசிரியை பென்சில் டப்பாவிலிருந்து சீட்டை எடுத்துப் பிரித்தார். அச்சகக்காரர்.

குழுவில் எல் போர்டு கழலாத ஒரே ஆள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "வேற சீட்டு எடுத்துடலாமா அக்கா?" என்று ஆசிரியை மெதுவாகக் கேட்டார். அக்கா அச்சகக்காரர் பக்கம் திரும்பினார். "நாளைக்குச் சாயங்காலம் ஃப்ரீயா சார்?"

மூன்று வாரம். அச்சகத்தில், இயந்திரம் கடகடக்க, காகிதக் கட்டுகளுக்கு நடுவில் அக்கா அவரைத் தொடையில் குத்த வைத்தார். ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் போய் மிருகக்காட்சிசாலையை முன்கூட்டியே பார்த்துவிட்டு வந்தார். குரங்குக் கூண்டுக்கு வெளியே வேர்க்கடலைப் பொட்டலம் விற்கிறார்கள். அங்கிருந்து சாப்பிடும் மரத்தடி இருநூற்றுப் பத்து அடி, காலடியால் அளந்தது. கை கழுவும் குழாய் யானைக்கு இடப்பக்கம். எல்லாவற்றையும் படமாக வரைந்து அவரிடம் கொடுத்தார். அச்சகக்காரர் அதை அழகாக அச்சடித்து எடுத்துக்கொண்டு வந்தார், அம்புக்குறியெல்லாம் போட்டு. முதல் இரண்டு வாரத்திலேயே பேனா அவர் கையில் நன்றாக உட்கார்ந்துவிட்டது. ஆனாலும் நோட்டில் எல் அழியவில்லை.

ஏன் என்று கேட்டேன்.

"கை பழகிடுச்சு சார். ஆனா நான் சொன்னதை மட்டும்தான் செய்யறார். நாளைக்கு நான் பக்கத்துல இருக்க மாட்டேனே."

பயணத்தன்று காலையில்தான் எனக்கும் வகுப்பு வைத்திருந்தார். முதல் முதலாக ஹைவே. முந்தின நாளே டாங்கை நிரப்பியிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குப் பொறி தட்டியது. அறுபது கிலோமீட்டர் அப்பாவி இந்த வருஷம் நான்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

பள்ளி வாசலில் ஒரே இரைச்சல். தொப்பி, தண்ணீர்ப் பாட்டில், அழுகிற ஒன்று, இப்போதே பசிக்கிறது என்கிற ஒன்று. வாயாடி ஜன்னலோரம் இடம்பிடித்து இரட்டைச் சுழிக்காரனோடு சிறுத்தையா சிங்கமா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். சிவப்புப் பையில் எப்போதும் நிஜப் பேனாக்கள் இரண்டு இருக்கும். அச்சகக்காரர் வருவதற்குச் சற்று முன்னால் அக்கா ஒன்றை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டார். நான் பார்த்துவிட்டேன்.

"சும்மா இருங்க சார்" என்றார்.

அச்சகக்காரர் சலவைச் சட்டையில் வந்தார். அக்கா பையை நீட்டினார். அவர் வாங்கி, நன்றி சொல்லி, பேருந்துப் படியில் ஒரு காலை வைத்தார். அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. டிரைவர் இன்ஜினைக் கிளப்பினார்.

அச்சகக்காரர் படியிலேயே நின்று பையின் ஜிப்பைத் திறந்தார். உள்ளே பார்த்தார். காலைக் கீழே இறக்கினார்.

"ஒண்ணுதான் இருக்கு?"

"ஒண்ணு போதாதா சார்? பக்கத்துலதானே ஆஸ்பத்திரி."

"அதெப்படிம்மா போதும்? அஞ்சு நிமிஷத்துல மூச்சு சரியாகலைன்னா நான் எதைப் போடறது?" கட்டைக் குரல் ஏறிவிட்டது. வாசலில் பாதிப் பேர் திரும்பினார்கள். "ஒண்ணை வச்சுக்கிட்டு நான் ஏற மாட்டேன். பஸ்ஸும் நகராது. நீங்க அம்மாவா இருந்தாலும் சரி, ரெண்டாவதைக் கொண்டாங்க, அப்புறம் பேசலாம்."

இரண்டாவது பேனாவைப் பற்றி அக்கா அவரிடம் ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருந்தார், அந்த முதல் கூட்டத்தில்.

அக்கா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்தார். நோட்டைப் பிரித்து, பேருந்தின் பக்கவாட்டிலேயே வைத்து, அந்த எல்லின் மேல் இரண்டு கோடு இழுத்தார். அச்சகக்காரருக்கு விஷயம் புரிய ஒரு நொடி ஆயிற்று. "மேடம், நீங்க இருக்கீங்களே" என்றார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், சொல்வதற்கு என்ன. கதவு மூடியது. வாயாடி அம்மாவைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. சிங்கம்தான் ஜெயித்துக்கொண்டிருந்தது.

நாங்கள் காரில் ஏறினோம். அக்கா பெல்ட் போட்டுக்கொண்டார். அதிசயமாக, கார் அணையாமல் நகர்ந்தது. பேருந்துக்குப் பின்னாலேயே தெருமுனை வரை போனோம். பேருந்து இடதுபக்கம், ஹைவே சாலையில் திரும்பியது.

"இடதுபக்கம்தானே அக்கா?" என்றேன்.

பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். பேருந்தின் முதுகு சின்னதாகிக்கொண்டே போனது. அக்கா என் பக்கமாகக் கையை நீட்டி, வலதுபக்கத்து இண்டிகேட்டரைப் போட்டார்.