சுடாத மானின் பங்கு

லண்டன் டூட்டிங்கில் இருக்கும் என் பலசரக்குக் கடையில் ஞாயிற்றுக்கிழமைகளில் பங்கு இறைச்சி பிரிப்போம். நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரு ஆட்டை எடுத்து, தொடை, நெஞ்சு, ஈரல், எலும்பு எல்லாம் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கிடைக்கிற மாதிரிக் கூறு போடுவது. ஊரில் வேப்பமரத்தின் கீழ் நடந்தது, இங்கே ஃப்ரீஸருக்குப் பக்கத்தில் நடக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அதனால், அமெரிக்காவில் நெவாடா மலையில் மான் வேட்டைக்குப் போகிறேன் என்று நான் அந்தக் கடைக்குள் நின்று வாய் திறந்தது பெரிய பிழை.

"அண்ணை, மானில எனக்கொரு பங்கு."

"ஈரல் எனக்கு. இப்பவே சொல்லிப்போட்டன்."

"மான் பெரிசே?"

"பெரிசு," என்றேன், வீட்டில் நாலு வளர்ப்பவன் போல. "மியூல் டியர் எண்டு பேர். கோவேறு கழுதையின்ர காது மாதிரிக் காது."

"அப்ப காதை நீங்களே வைச்சிருங்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போது நான் உண்மையான துப்பாக்கியைக் கையால் தொட்டதுகூட இல்லை. "துவக்குக்குப் பயந்து ஓடி வந்த மனிசன், இப்ப காசு கட்டித் துவக்குப் பழகப் போறார்," என்று என் மனைவி வந்தவர் போனவருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அழைத்தவன் என் சித்தப்பாவின் மகன். கனடாவுக்கென்று வெளிக்கிட்டவன் எப்படியோ நெவாடாவில் இறங்கி, லொறி ஓட்டி, அங்கேயே தங்கிவிட்டான். அவனுடைய மாநிலத்தில் நினைத்தவுடன் மான் சுட முடியாது. குலுக்கலில் பேர் விழ வேண்டும். விழாமல் போகிற ஒவ்வொரு வருடத்துக்கும் அடுத்த முறைக்கான வாய்ப்பு கொஞ்சம் ஏறும். அவன் அப்படி வருடக் கணக்காகச் சேர்த்து வைத்திருந்தான். இந்த முறை என்னையும் சேர்த்து இருவராக விண்ணப்பித்தான். சேர்த்து விண்ணப்பித்தால் அவன் சேமித்ததும் என் பூச்சியமும் ஒன்றாகக் கலந்து சராசரியாகிவிடும். அது தெரிந்தும் சேர்த்தான். எங்கள் அதிர்ஷ்டம், இருவருக்கும் விழுந்தது. விழுந்தால் அவன் மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்க வேண்டும். இனி இப்படி ஒரு வேட்டை அவனுக்கு எப்போது வருமோ தெரியாது.

அவனுக்கு ஒரு இடம் இருந்தது. மலை உச்சிக்குச் சற்றுக் கீழே, கிண்ணம் போன்ற ஒரு பள்ளம். பாதை கிடையாது, தண்ணீரும் சுமந்துதான் போக வேண்டும். கோடை தோறும் துப்பாக்கி இல்லாமல், தூரக்கண்ணாடியோடு மட்டும் அங்கே ஏறி, விடியற்காலையில் மான்கள் வெளியே வருவதைப் பார்த்துவிட்டு இறங்குவானாம். வரைபடத்தை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினான். இடியப்பம் பிழிந்துவிட்டது போல ஒரே கோடு.

"கோடு நெருங்கினா செங்குத்து அண்ணை," என்றான்.

"எல்லாமே நெருங்கித்தானே கிடக்கு?"

"ஓம்," என்றான் சந்தோஷமாக. "றோட்டுக்குக் கிட்ட எல்லாரும் லொறியில வந்து நிப்பினம். நல்ல கிடாய் மான் அந்தப் பக்கம் தலை காட்டாது. நாங்கள் மேல போவம். ஆனா ஒண்டு, சுட்டா இறைச்சியை விட்டுட்டு வரேலாது, சட்டம். ரெண்டு பேரும் முதுகில சுமக்கோணும். இப்பவே இருபது கிலோவைப் பையில போட்டு நடவுங்கோ. ஏலும்தானே?"

"ஏலும், ஏலும்."

கடையில் எனக்கு இருபது கிலோ அரிசி மூட்டைகள் கூரை வரை அடுக்கியிருக்கின்றன. சுமக்கப் பாரம் இல்லையென்று சாக்குச் சொல்ல முடியாத ஒரே மனிதன் நான். ஒரு மூட்டையைப் பையில் இறக்கி முதுகில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடக்கத் தொடங்கினேன். முதல் பஸ் தரிப்பு வரை போனேன். அங்கே ஒரு பஸ் வந்தது. கதவைத் திறந்தார்கள், மரியாதைக்கு ஏறினேன்.

அடுத்த நாள் மூட்டையை எடுத்துவிட்டுப் பைக்குள் பழைய குளிர் போர்வை ஒன்றைத் திணித்தேன். பை நன்றாகப் புடைத்து, பார்ப்பதற்கு மலை ஏறுகிறவனின் பை போலவே வந்தது. மோர்டன் பூங்காவில் இருக்கும் சின்ன மேட்டில் நின்று, பல்லைக் கடித்து, பாரம் தாங்குகிற முகம் காட்டிப் படம் எடுத்து அவனுக்கு அனுப்பினேன். "சூப்பர் அண்ணை!" என்று பதில் வந்தது. அதன் பிறகு கோடை முழுவதும் அதே போர்வை, வேறு வேறு சட்டை. நடிப்பில் கெட்டிக்காரனாகிவிட்டேன். ஒருமுறை நெற்றியில் தண்ணீர்கூடத் தெளித்துக்கொண்டேன்.

ஆவணியில் ஒரு கல்யாணத்துக்காக அவன் லண்டன் வந்து எங்கள் வீட்டில் தங்கினான். விமானத்தால் இறங்கி, உள்ளே வந்து, சப்பாத்தைக் கழற்றி வைக்க இடம் தேடினான். கதவருகே என் பை. அதை நகர்த்த வேண்டும். பாரம் தூக்கிப் பழகியவன், முறைப்படி காலை அகட்டி, முழங்காலை மடக்கி, இரண்டு கையாலும் பிடித்து மூச்சை அடக்கித் தூக்கினான்.

பை பறந்தது. அவனும் அதோடு பின்னுக்குப் போய்ச் சுவரில் மோதி நின்றான்.

மனைவி கெக்கட்டமிட்டுச் சிரித்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். அவன் பையை ஒரு கையால் மெல்ல ஆட்டிப் பார்த்தான். ஜிப்பைத் திறக்கவில்லை. திறந்து ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குழந்தையைப் படுக்க வைப்பது போல அதை ஓரமாக வைத்துவிட்டு, "தேத்தண்ணி இருக்கே அண்ணி?" என்று கேட்டான்.

தேநீர் ஆறுவதற்குள் போனை எடுத்து வரைபடத்தை விரித்தான். மேலே பள்ளத்தில் கூடாரத்துக்காகக் குத்தியிருந்த சிவப்புப் புள்ளியை விரலால் இழுத்துக்கொண்டு கீழே வந்தான். இடியப்பக் கோடுகள் எல்லாவற்றையும் கடந்து, றோட்டோரம் கொண்டு வந்து விட்டான்.

"இதில நிண்டும் பாக்கலாம் அண்ணை," என்றான். "சில நேரம் கீழயும் வரும்."

வராது என்று எனக்குச் சொல்லித் தந்தவனே அவன்தான். நான், "ஓமோம், வரும்தானே," என்றேன். இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. கடைக்கு வரவா என்று அவனே கேட்டான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. அங்கே பங்குக்காரர்கள் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"தம்பிதானே நெவாடா? எங்கட மான் சுகமே?"

"எங்கட மானோ?" என்று அவன் என்னைப் பார்த்தான். விஷயம் விளங்கியதும் சிரித்தான். "அங்கயிருந்து இறைச்சி இஞ்ச கொண்டு வர விடாங்களே!"

"அதுகும் போச்சே!" என்றார் ஈரல் கேட்ட பெரியவர். "சரி, எங்க சுடப்போறியள் எண்டாவது காட்டும் பாப்பம்."

அவன் போனைக் காட்டினான். பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். "இதென்ன, றோட்டுக் கரையிலயெல்லோ குத்தி வைச்சிருக்கிறீர்? அண்ணை மலை உச்சி எண்டு சொன்னவர். எனக்குப் படமெல்லாம் காட்டினவர், பொதி சுமந்து வேர்த்து வடிய."

"எனக்கு முழங்கால் சரியில்லை ஐயா," என்றான் அவன். "அண்ணை ஏறுவார். எனக்குத்தான் ஏலாது."

காலையில் பையைத் தூக்க அவன் மடக்கிய முழங்காலை நான் பார்த்தேனே. இரும்பு முழங்கால்.

"பொய்," என்றேன். சத்தம் கூடிவிட்டது போலும், மீன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றவர்களும் திரும்பினார்கள். "அவனுக்கு ஒண்டுமில்லை. என்ர பைக்குள்ள போர்வை. கோடை முழுக்கப் போர்வைதான் சுமந்தனான்."



"அப்ப அந்த வேர்வை?" என்றார் பெரியவர்.

"பைப் தண்ணி."

கடை அதிர்ந்தது. இதுவரை என் பகிடிக்குச் சிரித்தவர்கள் அன்று என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரம் எனக்கு அன்றுதான் தெரிந்தது. நான் தம்பியைத் தனியாக இழுத்து, "நீ மேல போ. நான் கீழ கூடாரத்தில சமைச்சுக்கொண்டு இருக்கிறன்," என்றேன்.

"நீங்கள் சமைக்கிற மணத்துக்கு மான் அடுத்த மலைக்குப் போயிடும்," என்றான். சிரிக்காமல்தான் சொன்னான். புள்ளியை மறுபடி மேலே கொண்டுபோனான். வழியில், பாதி உயரத்தில், இன்னொரு புள்ளி குத்தினான். "இது உங்கட. ஐப்பசிக்கு முன்னம் இவ்வளவாவது ஏறப் பழகினா, நான் மேலயிருந்து இறைச்சியை இதுவரைக்கும் கொண்டு வருவன். இஞ்சயிருந்து கீழ நீங்கள் பாதி சுமக்கோணும். ஏலாட்டி இப்பவே சொல்லுங்கோ. நான் மேல சுட மாட்டன். சுட்டுப்போட்டுப் பழுதாக விடேலாது."

முதல் தடவையாக, யோசித்துப் பார்த்தேன். "இப்ப ஏலாது," என்றேன். "பழகிப் பாக்கிறன்."

அவன் அடுக்கிலிருந்து ஒரு அரிசி மூட்டையை இறக்கி வந்து கடையில் கிடந்த முதுகுப் பை ஒன்றுக்குள் வைத்து, என் முதுகில் ஏற்றி, வாரை இழுத்துக் கட்டினான்.

வெளியே வந்து நடந்தேன். முதல் தரிப்பிலேயே தோள் பிய்ந்தது. பஸ் வந்தது, கதவும் திறந்தது. ஏறவில்லை. திருந்திவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கடை வாசலில் பங்குக்காரர் அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.