வலது வாரம்

எலியைத் தொடும் முன் அக்கா உள்ளங்கைகளைப் பரபரவென்று தேய்த்துச் சூடேற்றிக்கொள்கிறார். குளிர்ந்த கை பட்டால் எலி மிரண்டுவிடும். மிரண்ட எலி அன்றைய பாடத்தில் தேறாது. "வாங்க மாப்பிள்ளை, வேலைக்கு நேரமாச்சு" என்று தோளோடு சேர்த்து அள்ளிப் பெட்டிக்குள் விடுகிறார். ஆய்வுக்கூடத்து எலிகள் அத்தனையும் அவருக்கு மாப்பிள்ளைகள்தான். பத்தொன்பது வருடமாக எலி பழக்குகிறவர். எல்லாருக்கும் அவர் எலியக்கா. அங்கேயே மருந்து நிறுக்கும் எனக்கும் அக்காதான்.

பெட்டிக்குள் இரண்டு லீவர்கள். ஒரு வாரம் இடதை அழுத்தினால் ஒரு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீர் வரும். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் வலதுக்கு மாற்றிவிடுவோம். நல்ல எலி இடதைப் பத்துப் பன்னிரண்டு தடவை தட்டிப் பார்த்துவிட்டு வலதுக்குத் தாவிவிடும். "எதிர்பார்த்தது கிடைக்கலைன்னா மூளையில டோபமைன் சட்டுனு இறங்கும் தம்பி. அந்த இறக்கம்தான் வாத்தியார். 'இது வேணாம், அதைப் பாரு'ன்னு சொல்லிக் குடுக்கும்" என்பார் அக்கா.

நான் நிறுத்துக் கொடுக்கும் மருந்து அந்த வாத்தியாரின் வாயை அடைக்கிறது. அது ஏறிய எலி, ஒன்றும் வராத இடது லீவரையே அழுத்திக்கொண்டிருக்கும். நூறு வரை எண்ணியிருக்கிறேன். "மாப்பிள்ளை முறுக்குடா இது!" என்று நாங்கள் சிரிப்போம். அக்கா சிரிக்கமாட்டார். பெட்டியைச் சாத்திவிட்டுத் தன் வலது கையையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

ஒருநாள் காரணம் சொன்னார். அவருடைய அப்பா, மூளையில் டோபமைன் வற்றிப்போகும் நடுக்குவாதத்தில் போனவர். "கை நடுங்கறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடுச்சு. சலூன் எதிர்ப்பக்கம் மாறி ஆறு மாசம் ஆச்சு, இவரு பழைய கதவைத்தான் தட்டுவாரு. பூட்டைப் பாத்துக்கிட்டே தட்டுவாரு. நாங்க கேலி பண்ணோம், பாவிங்க."

அதனால் வீட்டில் தனக்கே ஒரு சோதனை வைத்திருக்கிறார். அடுப்புக்கு மேலே இரண்டு கதவு வைத்த அலமாரி. சர்க்கரை டப்பா ஒரு வாரம் இடது கதவுக்குள், மறுவாரம் வலது. ஞாயிறு காலை மாற்றிவைப்பது மகளின் வேலை. தப்பான கதவைத் திறந்தால் காலண்டரில் ஒரு கோடு. போன வருடக் கடைசியில் வலது வாரக் கோடுகள் மொத்தம் இரண்டு. பிறகு நாலு. இப்போது ஏழு.

"எல்லாருக்கும் கைப்பழக்கம் இருக்கும்கா" என்றேன்.

"நான் 'வலது'ன்னு வாயால சொல்லிக்கிட்டே இடதைத் திறக்கறேன் தம்பி."

"டாக்டரைப் பாருங்களேன்."

"பாத்தா பேர் வெச்சிடுவாங்க. பேர் வெச்சிட்டா அது வீட்டுக்குள்ள வந்து காலை நீட்டி உக்காந்துக்கும். எட்டு ஆகட்டும், போறேன்." எட்டு என்ன கணக்கு என்று நான் கேட்கவில்லை.

போன ஞாயிறு காலை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். வலது வாரம் தொடங்கும் நாள். "டீ குடிச்சிட்டுப் போ" என்று தண்ணீரை அடுப்பில் வைத்தார். பேச்சுவாக்கில் கை மேலே போய் ஒரு கதவைத் திறந்தது. டப்பா இருந்தது.

"பாத்தியா தம்பி! மொத தடவையே!" முகமெல்லாம் பல். அப்புறம்தான் கதவைப் பார்த்தார். இடது கதவு.

சமையலறை வாசலில் மகள் நின்றிருந்தாள்.

"இன்னிக்கி வலதுதானேடி?"

"மறந்துட்டேம்மா."

"நீயா மறப்பே?"

அவள் கண் நிறைந்துவிட்டது. "ஏழோட நிக்கட்டுமேம்மா."

அக்கா திட்டவில்லை. டப்பாவைத் தன் கையாலேயே எடுத்து வலது பக்கம் வைத்தார். இரண்டு கதவையும் சாத்தினார். தண்ணீர் கொதித்தது, டீத்தூளைப் போட்டார். பிறகு, எலியைத் தூக்கப் போகிறவர்போல உள்ளங்கைகளைப் பரபரவென்று தேய்த்துக்கொண்டார்.

"வலது" என்றார், சத்தமாக. மகள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அக்காவின் கை மேலே போய் இடது கதவைத் திறந்தது.